மேடையில் கொடுத்தால்தான் உதவி

தீவில் ஷோல்பே பக்கம் எங்கள் குடியிருப்பில், பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு மூச்சு விடுவது கடல் வரைக்கும் கேட்கும். நெஞ்சுக்குள் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கதவு மூடாத வீட்டைக் காற்று என்ன பாடு படுத்துமோ, அந்தப் பாடுதான். அவர் ஒரு இழுப்பு இழுத்தால் என் வீட்டு ஜன்னல் திரை அவர் வீட்டுப் பக்கம் சாயும். விட்டால் திரும்பி வரும். பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து, லைசென்ஸ் இல்லாமல் இங்கே யார் மரம் அறுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பாக்கு மரம் ஏறிப் பிழைத்த மனிதர் அவர். ஒரு மரத்திலிருந்து இறங்காமலேயே அடுத்த மரத்துக்குத் தாவி, தோப்பு முழுவதும் பாக்குக் குலையை அறுத்துவிட்டுத்தான் தரைக்கு வருவார். இப்போது சொந்த வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது. அவர் மனைவி விஜயகுமாரி ரோடு வேலைக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாள்.

ஆபரேஷன் சென்னையில். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குக் காசு வேண்டாம். தேதியும் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று அவர்களும் சொல்லவில்லை, குழந்தைவேலுவின் நெஞ்சும் சொல்லவில்லை. ஆகவே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். விமானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. கப்பல் டிக்கெட் என்பது எங்கள் தீவில் கடவுள் மாதிரி. இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், கண்ணால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இந்த இடத்தில்தான் 'அருட்கரம்' அறக்கட்டளை உள்ளே வந்தது.

ஜங்லிகாட்டில் ஆபீஸ். தலைவர் தேவேந்திரன், கட்டட கான்ட்ராக்டர். கிராமத்து ஏழை நோயாளிகளின் கண்ணீரைத் துடைப்பதே இவர்கள் லட்சியம். துடைக்கும்போது போட்டோகிராபர் இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. போன வருஷம் எங்கள் மலைச்சரிவில், ஏணி வைத்து ஏற வேண்டிய வீட்டில் இருந்த பக்கவாதக்காரருக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். இப்போது அதில் கோழி அடைகாக்கிறது. காசநோய்க்காரர் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தபோது, நிர்வாகக் குழு மொத்தமும் மூட்டையில் ஆளுக்கு ஒரு விரல் வைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சம் சரியில்லை, தலை மறைக்கிறது, இன்னொன்று எடு என்று மழையிலேயே நிற்க வைத்ததில், மூட்டையைப் பிரித்தபோது அரிசி முளைவிட்டிருந்தது. வீட்டுக்காரி அதை நாற்றாக நட்டு, அடுத்த போகம் அறுத்துத்தான் சாப்பிட்டாள்.

குழந்தைவேலுவைப் பார்வையிடச் செயலாளர் பாலகுமார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வெற்றிலை போட மாட்டார், சிரிக்க மாட்டார்.

"பேஷண்ட் யாரு?"

"நாந்தாங்க" என்றார் குழந்தைவேலு. அதைச் சொல்ல அவருக்கு இரண்டு மூச்சு பிடித்தது.

பாலகுமார் ஏற இறங்கப் பார்த்தார். திருப்தி இல்லை. "இப்படித் தலையெல்லாம் சீவிட்டு இருந்தா ஜனங்க எப்படிங்க நம்புவாங்க? ஃபங்ஷன் வரைக்கும் ஷேவ் பண்ணாதீங்க."

"தலைக்கு ஒண்ணும் சீக்கில்ல சார், நெஞ்சுலதான்" என்றாள் விஜயகுமாரி.

"நெஞ்சு போட்டோவுல தெரியாதேம்மா."

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கிவிட்டார்கள். கணவன் மனைவி இரண்டு பேருக்கும், கப்பலின் அடித்தட்டில் பங்க் வகுப்புப் படுக்கை. எப்படி வாங்கினார்கள் என்பது தேவேந்திரனுக்கும் கவுண்டருக்கும் உள்ள விஷயம். வாங்கி ஒரு தங்க நிறக் கவரில் போட்டு, பாலகுமாரின் சட்டைப் பையில் வைத்துவிட்டார்கள். கப்பல் புறப்படும் அன்று காலையில், பாம்பூஃப்ளாட் ஹாலில் விழா. மெயின்லேண்டிலிருந்து ஒரு சிறப்பு விருந்தினர் காலை விமானத்தில் வந்து, தன் கையால் கவரைக் கொடுப்பார். பிறகு குடும்பம் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரை சாத்தம் போய், அங்கிருந்து ஹாடோ துறைமுகத்தில் கப்பல் பிடிக்கும். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

நோயாளியின் சார்பில் நன்றியுரை சொல்ல என்னைப் போட்டிருந்தார்கள். அவருக்குத்தான் மூச்சு இல்லையே. எனக்கு வயதாகிவிட்டது என்றாலும் மூச்சு மிச்சமிருந்தது.

அன்றைக்குக் காற்று சரியில்லை. சிறப்பு விருந்தினரின் விமானம் வந்தது, தீவை வட்டமடித்தது, இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டது. ஜன்னல் வழியாக அவர் எங்கள் ஏழ்மையைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தேவேந்திரனுக்கு போனில் செய்தி வந்தது. அவர் ஹால் மூலைக்குப் போய் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். ஹாலில் மின்விசிறி சுற்ற, வெளியே நேரம் நடந்தது. மூன்று மணிக்குத் துறைமுகத்துக் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

விஜயகுமாரி இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு பாலகுமார் எதிரில் வந்து நின்றாள்.

"சார், டிக்கெட்ட குடுத்துருங்க. நாங்க கெளம்புறோம். நீங்க கூட்டத்த நிதானமா நடத்துங்க."

பாலகுமாருக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. கவர் இருந்த சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "இப்படிக் கைல குடுத்தா அது வெறும் டிக்கெட்டும்மா. மேடையில குடுத்தாத்தான் உதவி."

"கப்பல் போயிருச்சுன்னா?"

"அதெல்லாம் தலைவர் பார்த்துப்பார்."

"அவரு பார்த்தா நின்னுருமா கப்பலு?"

தலைவர் யோசனையை முடித்துக்கொண்டு வந்தார். சிறப்பு விருந்தினர் வராத குறையைத் தானே தீர்த்துவைப்பதாக அறிவித்தார். தலைமையும் அவரே, சிறப்புரையும் அவரே. நேரம் இல்லை என்று அம்மா வருத்தப்படுவதால், விழாவை ஃபெர்ரியிலேயே நடத்திவிடலாம், சாத்தம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும் என்றார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். நன்றியுரைக்காரன் தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

வண்டிகள் ஏற்றும் ஃபெர்ரி. ஹாலோ பிளாக் கல் ஏற்றிய தேவேந்திரனுடைய லாரியே ஒன்று கரையில் நின்றது. அதை முதலில் ஏற்றி, பேனரை லாரியின் பக்கவாட்டில் கட்டி, கல்லின் மேல் மைக் வைத்தார்கள். பேனரில் தேவேந்திரன் படம் ஆளுயரம். குழந்தைவேலு படம் கீழ் மூலையில், ரேஷன் கார்டில் இருப்பதைப் போல. லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் நெருக்கியடித்து ஏறின. பிளாஸ்டிக் நாற்காலியில் குழந்தைவேலு உட்கார்ந்து கடலையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். படகு கிளம்பும் சைரன் என்று நினைத்துப் பலர் ஓடி வந்து ஏறியது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

முதல் காரியமாக, படகு ஓட்டும் சேராங்குக்குப் பொன்னாடை போர்த்தினார் தேவேந்திரன். பாவம், பெங்காலி மனிதர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவரை யாரும் திட்டாமல் பேசியதில்லை. சரிகைத் துண்டு தோளில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. "நேதாஜி போலியே, மேம் தீரே சலாயேகா" என்றார். தலைவர் பேசட்டும், நான் மெதுவாக ஓட்டுகிறேன் என்று அர்த்தம். அத்தனை மெதுவாக எந்தப் படகும் அந்தக் கடலில் போனதில்லை. எங்களோடு ஒரு ஜெல்லிமீன் புறப்பட்டது. அது முந்திப் போய்விட்டது.

தேவேந்திரன் முதலில் தலைமையுரை ஆற்றினார். ஒரே ஒரு சட்டையோடு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய கதை. அது முடிந்ததும் சிறப்பு விருந்தினராகிய தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொண்டு சிறப்புரையைத் தொடங்கினார். தலைவரின் அருள் உள்ளத்தை விருந்தினர் பாராட்டினார். அப்போது சாத்தம் ஜெட்டி வந்து இடித்தது.

நடந்து வந்தவர்கள் ஓரமாக ஒதுங்கி இறங்கினார்கள். லாரி இறங்கவில்லை. அதில்தான் மேடை இருக்கிறதே. லாரி இறங்காததால் பின்னால் இருந்த வண்டி ஒன்றும் இறங்க முடியவில்லை. விஜயகுமாரி கணவனை எழுப்பி நிறுத்தினாள். பாலகுமார் வழியை மறித்தார்.

"கவர் குடுக்கல இன்னும். எங்க போறீங்க?"

"அப்ப குடுங்க!"

"சிறப்புரை முடியட்டும்."

இதற்குள் இந்தப் பக்கத்து ஜனங்கள் ஏறிவிட்டார்கள். மீன்கூடைக்காரிகள், ஆபீஸ்காரர்கள், தெலுங்கர், பெங்காலி, மலையாளி, எல்லோரும். படகு திரும்பவும் பாம்பூஃப்ளாட் பக்கம் தலையைத் திருப்பியது. தேவேந்திரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புதிய கூட்டம்! ஒரு வார்த்தை கூடக் கேட்டிராத கூட்டம்!

"புதுசா வந்திருக்கிற சொந்தங்களுக்காக மறுபடி ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்" என்றார். "பாயியோ, பெஹனோ, ஆப் லோக் பீ சுனியே" என்று, நீங்களும் கேளுங்கள் என்பதை இந்தியிலும் சொல்லிக்கொண்டார்.

இந்த முறை அவர் வந்து இறங்கியபோது போட்டிருந்த சட்டை கிழிசல். பாம்பூஃப்ளாட்டில் ஆள் மாறியது. அடுத்த முறை சட்டையே இல்லை. அதற்கடுத்த நடையில் கப்பலில் இடமே கிடைக்கவில்லை, பாதிக் கடலை நீந்தித்தான் வந்தார். இன்னும் நாலு நடை விட்டிருந்தால் மீனாகவே பிறந்திருப்பார்.

பின்னால் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டர்களில் ஒன்று அப்துல் குத்தூஸ் பாயுடையது. ஜங்லிகாட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். பாம்பூஃப்ளாட்டுக்குச் சரக்கு விஷயமாக வந்துவிட்டுக் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அதாவது, காலையிலிருந்து திரும்பிக்கொண்டே இருந்தார்.

"அரே, காடி ஹடாவ்யா! வண்டிய எடுப்பா!" என்று லாரி டிரைவரைப் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், என்னிடம் வந்தார். "பெரியவரே, என்ன நடக்குது இங்கன?"

"ஏழைக்கு உதவி பாய்."

"எந்த ஏழைக்கு?"

நாற்காலியைக் காட்டினேன். குழந்தைவேலுவின் உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. பாய் பார்த்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு, சரக்கு மூட்டையிலிருந்து ஒரு அட்டையைக் கிழித்து அவருக்கு விசிற ஆரம்பித்தார்.

"ஏன்த்தா, இவர இப்படி வச்சிக்கிட்டு இங்க ஏன் நிக்கிறிய?"

"டிக்கெட்டு அந்தாளு பையில இருக்கு பாய். கொன்னாத்தான் எடுக்கலாம்" என்றாள் விஜயகுமாரி.

"மணி ரெண்டு தாண்டிருச்சேம்மா."

குழந்தைவேலு கையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வருகிறார் என்று மூன்று பேரும் குனிந்தோம். "எனக்குத்தான்... மூச்சு வாங்குது. அந்தாளுக்கு... ஒரு தடவையாச்சும்... வாங்குதா பாரேன்."

விஜயகுமாரி சிரிக்கவில்லை. பைகளைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். படகு அப்போது சாத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மரக்கொட்டகைகளின் கூரை தெரிந்தது. ஜெட்டி கொஞ்சம் கிட்டே வரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு கல் லாரியில் கால் வைத்து ஏறி, தேவேந்திரன் பக்கத்தில் போய் நின்றாள்.

அவர் நடுக்கடலில் நீந்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார். "பாருங்கள்! உதவி பெறுகிற சகோதரி உணர்ச்சிவசப்பட்டு மேடைக்கே வந்துவிட்டார். இரண்டு வார்த்தை பேச ஆசைப்படுகிறார். பேசும்மா, பயப்படாம பேசு" என்று மைக்கை நீட்டினார்.

அவள் மைக்கை வாங்கி, நேராக நின்று, தேசிய கீதம் பாட ஆரம்பித்தாள்.

நல்ல குரல் என்று சொல்ல மாட்டேன். ரோட்டில் தார் ஊற்றுகிறவர்களை நிறுத்தச் சொல்லிக் கத்திப் பழகிய குரல். முதல் வரி ஸ்பீக்கரில் வந்ததும் படகு மொத்தமும் எழுந்து நின்றது. மீன்கூடைக்காரிகள் கூடையை இறக்கிவிட்டு நின்றார்கள். பைக்கில் இருந்தவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சேராங், பொன்னாடையும் தானுமாக, சக்கரத்தை விட்டுவிட்டு விறைத்து நின்றார். படகு தானாகவே நேராகப் போயிற்று. அதுவரைக்கும் அது அத்தனை நேராகவும் போனதில்லை, அத்தனை வேகமாகவும் போனதில்லை. கடற்காக்கை ஒன்று பேனர் மேல் உட்கார்ந்திருந்தது, அதுகூடச் சிறகை மடக்கிக்கொண்டது. தேவேந்திரன் வாய் பாதி திறந்தபடி, இரண்டு கையும் தொடையோடு ஒட்ட நின்றார். மூடினால் மரியாதைக் குறைவோ என்று பயம் போலிருக்கிறது.

குழந்தைவேலுவும் எழுந்தார். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டோம்.

கடைசி வரி முடியவும் ஜெட்டியில் படகு மோதவும் சரியாக இருந்தது. தமிழர்கள் நடத்தும் கூட்டத்தில் தேசிய கீதத்துக்குப் பிறகு ஒன்றுமே கிடையாது. தலைவர் செத்தாலும் அதற்குப் பிறகு அறிவிக்கக் கூடாது. ஜனங்கள் கலைந்து மூட்டையைத் தூக்கினார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் நாற்காலிகளை மடக்கிக்கூட அடுக்கிவிட்டார்.

"இன்னும் முடியல! சிறப்புரை பாக்கி இருக்கு!" என்றார் தேவேந்திரன். மைக் அவரிடம் இல்லை.

பாலகுமார் முறை தவறாத மனிதர். அழாக்குறையாகச் சொன்னார்: "கீதம் பாடியாச்சு தலைவரே. இதுக்கு மேல பேசப்படாது."

"அப்ப கவரு?" என்றார் தலைவர்.

"கவர் அதுக்கு முன்னாடியே குடுத்திருக்கணும்."

விஜயகுமாரி லாரியிலிருந்து குதித்து வந்து, பாலகுமாரின் சட்டைப் பையில் கையை விட்டுக் கவரை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. கீதத்துக்கு நின்ற விறைப்பு இன்னும் இறங்கவில்லை.

"குடுத்துட்டீங்க, வாங்கிட்டேன்" என்றாள்.

மேடைக்கு வேலை போய்விட்டதால் லாரியும் இறங்கியது. அதன் வாலைப் பிடித்தாற்போல பாய் ஸ்கூட்டரை இறக்கினார். முன்னால் பாய், நடுவில் குழந்தைவேலு, அவரைப் பிடித்துக்கொண்டு விஜயகுமாரி. பைகளோடு நான் ஆட்டோவில் பின்னால். ஹாடோ கேட்டில் காவலர் கதவின் ஒரு பாதியைச் சாத்திவிட்டு அடுத்த பாதியில் கை வைத்திருந்தார். பாய் ஹாரன் அடிக்கவில்லை. குழந்தைவேலு ஒரு மூச்சு இழுத்தார். கப்பலே ஊதிவிட்டது என்று காவலர் பதறித் திரும்பினார். அந்த இடைவெளியில் ஸ்கூட்டர் உள்ளே போய்விட்டது, பைகளோடு நானும் பின்னாலேயே.

பைகளைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வரும்போது, ஒரு ஆட்டோவில் தேவேந்திரனும் பாலகுமாரும் போட்டோகிராபரும் வந்து விழுந்தார்கள்.

"அந்தம்மா எங்க? குடுக்கிற போட்டோ எடுக்கவே இல்ல! ஒரே ஒரு நிமிஷம் கவரைத் திருப்பிக் குடுத்தா, எடுத்துட்டுத் தந்துர்றோம்!"

விஜயகுமாரி கேட்டுக்கு உள்ளே, கணவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களும் டிக்கெட் எடுத்துட்டு வாங்க. கப்பல்ல வச்சுக் குடுக்கலாம்."

கேட் மூடியது.

தேவேந்திரன் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பாலகுமார் என்னைப் பார்த்தார். என் தாடியைப் பார்த்தார். "ஐயா, உங்களப் பார்த்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது. கொஞ்சம் இருமுங்க" என்றார். நான் இருமினேன். இதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. நன்றியுரை சொல்ல வந்து ஒன்றும் பேசாமல் போவதற்கு இது மேல். மிச்சமிருந்த பொன்னாடையைச் சுருட்டிக் கவர் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அவர் கொடுக்க நான் வாங்கினேன். வருஷ காலண்டரில், 'இதய நோயாளி குழந்தைவேலுவுக்கு மறுவாழ்வு' என்று அச்சாகி, பத்துபஸ்தி வரைக்கும் டீக்கடை டீக்கடையாக நான் தொங்குகிறேன்.

குழந்தைவேலு நல்லபடியாக வந்து சேர்ந்தார். வால்வு மாற்றிவிட்டார்கள். இப்போது அவர் மூச்சு விடுவது அவருக்கே கேட்பதில்லை. என் ஜன்னல் திரை அசைவதற்கு வழியில்லாமல் தூசி படிந்து கிடக்கிறது. மரம் ஏறக் கூடாது என்று சொல்லியிருப்பதால், பாக்கு உரித்துக் காயவைத்து பாய் கடைக்குக் கொடுக்கிறார். ஊர் வந்த வாரமே, அறக்கட்டளைக்கு நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வேண்டாம் என்று விஜயகுமாரி சொன்னாள். கேட்கவில்லை. துணைக்கு நான் போனேன்.

ஜங்லிகாட் ஆபீஸ் மாடியில். படிகளை அவர் நிற்காமல் ஏறினார். நான்தான் நடுவில் உட்கார்ந்தேன்.

தேவேந்திரன் மேஜைக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. அவர் முதலில் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க குழந்தைவேலு, வாங்க! ஆபரேஷன் எப்படி இருக்கு? ஏன் இப்படி மூச்சு வாங்குது? பாலகுமார், தண்ணி கொண்டா!"

"குழந்தைவேலு நாந்தாங்க" என்றார் குழந்தைவேலு.

தேவேந்திரன் அவரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார். மழுமழுவென்று ஷேவ் செய்து, தலை சீவி, கன்னத்தில் ரத்தம் ஓடும் மனிதர்.

"பார்த்தா நல்லா இருக்கியேப்பா. உனக்கெல்லாம் அறக்கட்டளையில உதவி பண்ண முடியாது."

"உதவி வேண்டாங்க சார். நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தேவேந்திரனுக்குப் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"அத எதுக்கு எங்ககிட்ட வந்து சொல்ற?"